வளைப்புச் சோதனையில் தேறிய வெல்டு, சார்ப்பியில் தோற்றது ஏன்?

தகட்டுப்பணி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். 355 மெகாபாஸ்கல் யீல்டு வலிமை (உலோகம் நிலையாக உருமாறத் தொடங்கும் தகைவு, அதாவது பரப்பலகு விசை) வகையைச் சேர்ந்த 25 மி.மீ. கட்டமைப்பு எஃகுத் தகட்டில், ஈ7018-1 என்ற வெல்டிங் ராடு கொண்டு, கீழிருந்து மேலாகச் செங்குத்து நிலையில் ஒரு வெல்டிங் நடைமுறைத் தகுதிச் சோதனை செய்தோம். குறுக்கு இழுவிசை மாதிரிகள் இரண்டும் வெல்டுக்கு வெளியே, தாய் உலோகத்திலேயே அறுந்தன. பக்க வளைப்பு மாதிரிகள் நான்கும் 180 பாகை வளைந்த பிறகும் எங்கும் வாய் திறக்கவில்லை. எக்ஸ்ரே படமும் சுத்தமாகவே இருந்தது.

சிக்கல் சார்ப்பி மோதல் சோதனையில்தான் வந்தது; வெட்டுப் போட்ட சிறு துண்டை ஊசல் சுத்தியலால் அடித்து, அது உடைய எத்தனை ஜூல் ஆற்றல் வேண்டும் என்று அளக்கும் சோதனை அது. −20 °C வெப்பநிலையில் வெல்டு உலோகத்தின் மூன்று மாதிரிகளும் 90 ஜூலுக்கு மேல் காட்டின. வெப்பப் பாதிப்பு மண்டலத்தில் (உருகாமல், சூட்டால் மட்டும் அமைப்பு மாறிய தாய் உலோகப் பகுதி), உருகல் கோட்டை, அதாவது உருகிய உலோகம் முடியும் எல்லையை, ஒட்டி எடுத்த மூன்றும் 16, 58, 71 ஜூல் என்று வந்திருக்கின்றன. தேவைப்படும் சராசரி 27 ஜூல்தான்; எங்கள் சராசரி 48-ஐத் தாண்டுகிறது. ஆனால் எந்தத் தனி மதிப்பும் 27-இன் 70 விழுக்காட்டுக்குக் கீழே, அதாவது ஏறத்தாழ 19 ஜூலுக்குக் கீழே, போகக் கூடாது என்பதால் அந்த 16 எங்களைத் தடுத்துவிட்டது.

ஒரு மாதிரி மட்டும் கெட்டிருக்கிறது, இன்னும் மூன்று வெட்டிப் போட்டால் சரியாகிவிடும் என்பது பணிமனையில் பலரின் கருத்து. எனக்குப் புரியாதது வேறொன்று. அரை வட்டமாக வளைத்தும் விரியாத அதே இணைப்பு, ஊசல் சுத்தியலின் அடிக்குக் கண்ணாடியைப் போல் உடைவது எப்படி? நன்றாக நீளும் உலோகம் முறிவையும் தாங்கும் என்றுதான் இதுவரை எண்ணியிருந்தேன்.

நுண்ணோக்கி எழுதியது:

நண்பரே, இரண்டு சோதனைகளும் உலோகத்திடம் வெவ்வேறு கேள்விகளைக் கேட்கின்றன. வளைப்புச் சோதனையை முதலில் எண்களில் பாருங்கள். 10 மி.மீ. தடிமனுள்ள மாதிரியை 40 மி.மீ. விட்டமுள்ள அச்சின் மேல் வளைத்தால், வெளிப்புற இழை நீளும் அளவு தடிமனை, அச்சு விட்டமும் தடிமனும் சேர்ந்த தொகையால் வகுத்தால் கிடைக்கும். அதாவது 50-இல் 10, இருபது விழுக்காடு. அறை வெப்பநிலையில், மெதுவாக, வழவழப்பாகத் தேய்த்த பரப்பில், எந்த வெட்டும் இல்லாமல் இந்த இருபது விழுக்காட்டை உலோகம் தாங்குகிறதா என்பது மட்டுமே அங்கே சோதிக்கப்படுகிறது. நீளும் தன்மை என்று நாம் சொல்வது இதைத்தான்.

சார்ப்பி மாதிரியில் நிலைமை வேறு. 10 மி.மீ. சதுரமும் 55 மி.மீ. நீளமும் கொண்ட அந்தத் துண்டில் 2 மி.மீ. ஆழத்துக்கு 45 பாகை வி வெட்டு இருக்கிறது. அதன் அடியின் வளைவு ஆரம் 0.25 மி.மீ. மட்டுமே. அந்த அடியில் உலோகம் நீள முயலும்போது, பக்கவாட்டில் சுருங்க அதற்கு இடமில்லை, ஏனெனில் சுற்றியுள்ள சுமை ஏறாத உலோகம் அதைப் பிடித்துக்கொள்கிறது. மூன்று திசைகளிலும் இழுபடும் உலோகம் எளிதில் வழுக்கி உருமாற முடியாது என்பதால், வெட்டுக்கு முன்னால் தகைவு யீல்டு வலிமையைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல் உயர்கிறது. இதனுடன் குளிரையும் வேகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஃபெரைட் (சாதாரண எஃகின் முதன்மையான படிக வடிவம்) போன்ற பொருள்மையக் கனசதுர அமைப்புள்ள எஃகில் யீல்டு வலிமை குளிரக் குளிர ஏறும், மோதலின் வேகம் கூடினாலும் ஏறும். ஆனால் படிகத்தைத் தளத்தோடு பிளப்பதற்கு வேண்டிய தகைவு பெரிதாக மாறுவதில்லை. இந்த இரண்டும் சந்திக்கும் இடத்தில் உலோகம் உருமாறுவதற்கு முன்பே பிளந்துவிடுகிறது. உடைந்த முகத்தைப் பார்த்தாலே தெரியும்: 71 ஜூல் மாதிரியின் முகம் மங்கலான சாம்பல் நிறத்தில் நார்நாராக, ஓரங்களில் உதடு போல் பிதுங்கி இருக்கும், 16 ஜூல் மாதிரியின் முகம் தட்டையாக, வெளிச்சத்தில் திருப்பும்போது சர்க்கரைப் பரல் போல் மினுக்கும். இன்னும் தூக்கி எறியவில்லை என்றால் எடுத்துப் பாருங்கள்.

இனி உங்கள் உண்மையான சிக்கலுக்கு வருகிறேன். வெல்டு இணைப்பு ஒரே பொருள் அன்று. உருகல் கோட்டை ஒட்டி 1100 °C-க்கு மேல் சூடேறிய ஒரு மெல்லிய பட்டையில் படிகமணிகள் பருத்துவிடுகின்றன. அந்தப் பட்டையின் அகலம் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டாது. வளைப்பு மாதிரியில் அதன் இருபுறமும் உள்ள நல்ல உலோகம் நீட்சியைப் பகிர்ந்துகொள்வதால் அந்தப் பட்டை தப்பித்துவிடுகிறது. சார்ப்பி வெட்டு நேராக அந்தப் பட்டையின் மேலேயே உட்கார்ந்தால் அதற்கு ஒளிய இடமில்லை.

வில்லொளி எழுதியது:

ராடு பிடிக்கும் பக்கத்திலிருந்து ஒரு கேள்வி கேட்கிறேன். செங்குத்து நிலையில் மேலே ஏறும்போது வீவிங், அதாவது ராடைப் பக்கவாட்டில் ஆட்டுவது, எவ்வளவு அகலம் கொடுத்தீர்கள்? பாஸ்களுக்கு (ஒவ்வொரு முறை ஓட்டும் வெல்டு வரிசைக்கு) இடையே தகட்டின் சூட்டை யாராவது குறித்த சூட்டில் உருகும் சாக் வைத்துப் பார்த்தார்களா? எக்ஸ்ரேயில் தேறிவிடும், பார்வைக்கும் அழகாக இருக்கும் என்பதற்காக, ஒரே பாஸில் பள்ளம் முழுவதையும் அகலமாக இழுத்து நிரப்பும் பழக்கம் எங்கும் உண்டு. பார்ப்பவர்கள் பாராட்டுவது அந்த வெல்டைத்தான். சார்ப்பியில் மாட்டுவதும் பெரும்பாலும் அதுவேதான்.

தகட்டுப்பணி எழுதியது:

பதிவேட்டைப் பார்த்தேன். 24 வோல்ட், 130 ஆம்பியர். பள்ளத்தின் அடியில் போடும் முதல் பாஸான வேர் பாஸ் தவிர மற்றவை எல்லாம் முழு அகல வீவிங். நகர்வு வேகம் நிமிடத்துக்கு 60 மி.மீ. அளவில் இருக்கிறது. பாஸ்களுக்கு இடையிலான வெப்பநிலை முதல் சில பாஸ்களுக்கு மட்டும் குறிக்கப்பட்டிருக்கிறது. பிறகு அந்தக் கட்டம் காலியாக உள்ளது. தகட்டின் சான்றிதழில் கார்பன் 0.17 விழுக்காடு, மாங்கனீஸ் 1.44 விழுக்காடு.

நுண்ணோக்கி எழுதியது:

கணக்கு இப்படி வருகிறது. வோல்ட், ஆம்பியர், 60 ஆகிய மூன்றையும் பெருக்கி, வேகத்தின் ஆயிரம் மடங்கால் வகுத்தால் மில்லிமீட்டருக்கு 3.1 கிலோஜூல். வில்லின் திறன் காரணியாக 0.8-ஐப் பெருக்கும் முறையைப் பின்பற்றினாலும் 2.5 வருகிறது. இதே மின்னோட்டத்தில் குறுகலாக, நிமிடத்துக்கு 120 மி.மீ. வேகத்தில் ஏறியிருந்தால் இதில் பாதிதான். வெப்ப உள்ளீடு கூடும்போது 800-இலிருந்து 500 °C-க்குக் குளிரும் நேரம் நீள்கிறது. மணிகள் பருக்க அவகாசம் கிடைக்கிறது. எஃகு மிகுந்த சூட்டில் எடுக்கும் படிக வடிவமான ஆஸ்டெனைட் குளிர்ந்து சிதையும்போது நுண்ணிய அமைப்புக்குப் பதிலாக, மணி எல்லைகளில் தடித்த ஃபெரைட்டும், உள்ளே நீண்ட தட்டுகளாக அடுக்கப்பட்ட பெய்னைட் என்ற அமைப்பும் உருவாகின்றன. பிளவு ஒரு தட்டில் தொடங்கினால், திசை மாறாமல் நெடுந்தொலைவு ஓட அந்த அமைப்பு வழிவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. ஏற்கெனவே மணி பருத்த இடத்தை அடுத்த பாஸ் முழுமையாக மறுபடி சூடேற்றினால் மணிகள் மீண்டும் நுண்மையாகிவிடும், அது நல்லது. ஆனால் அந்த இடம் ஆஸ்டெனைட்டாக மாறத் தொடங்கும் வெப்பநிலைக்கும் முழுதாக மாறி முடியும் வெப்பநிலைக்கும் நடுவில் மட்டும் சூடேறினால், பழைய மணி எல்லைகளில் கார்பன் செறிந்த சிறு தீவுகள் உண்டாகி, குளிரும்போது பாதி மார்ட்டென்சைட்டாக (கடினமான, நொறுங்கும் அமைப்பாக) இறுகிவிடுகின்றன. பல பாஸ் வெல்டில் மிக மோசமான இடம் பெரும்பாலும் இந்தத் துண்டு துண்டான பகுதிகள்தான். அவை தொடர்ச்சியாக இல்லாததால்தான் ஒரு மாதிரி 71 காட்டுகிறது, அடுத்தது 16 காட்டுகிறது. ஆகவே அந்த 16 தற்செயலான பிழை அன்று. மற்ற இரண்டு மாதிரிகளின் வெட்டு அந்த இடத்தைத் தவறவிட்டது என்பதே சரியான வாசிப்பு.

விசைக்கோடு எழுதியது:

நான் கட்டமைப்பு வடிவமைப்பாளன். சற்று மாறுபட விரும்புகிறேன். நாங்கள் அனுமதிக்கும் தகைவு யீல்டுக்கு வெகு கீழே இருக்கிறது. நிலைச் சுமை மட்டுமே தாங்கும் ஒரு தூணை யாரும் ஊசல் சுத்தியலால் அடிக்கப் போவதில்லை. சார்ப்பி ஜூல் எந்த வடிவமைப்புச் சமன்பாட்டிலும் நேரடியாக நுழைவதும் இல்லை. ஒரு மில்லிமீட்டர் பட்டைக்காக, இழுவிசையிலும் வளைப்பிலும் தேறிய நடைமுறையைத் தூக்கி எறிவது மிகை இல்லையா?

நுண்ணோக்கி எழுதியது:

சார்ப்பி மதிப்பு சமன்பாட்டில் நுழையாது என்பதை ஏற்கிறேன். அது பொருள்களை வரிசைப்படுத்தும் சோதனை. விரிசலின் அளவையும் தகைவையும் தொடர்புபடுத்த வேண்டுமென்றால், முழுத் தடிமன் மாதிரியில் மீண்டும் மீண்டும் சுமை ஏற்றிக் களைப்பு விரிசலை வளர்த்து, அதன் முனை எவ்வளவு திறக்கிறது என்று அளக்கும் சி.டி.ஓ.டி. போன்ற முறிவு இயக்கவியல் சோதனைதான் வேண்டும். ஆனால் தகைவு யீல்டுக்குக் கீழே இருக்கிறது என்ற வாதம் வெல்டு இணைப்பில் செல்லாது. வெல்டு சுருங்கும்போது அதைச் சுற்றித் தேங்கும் எஞ்சிய தகைவு யீல்டு வலிமை அளவுக்கே இருக்கக்கூடும். உங்கள் வரைபடத்தில் இல்லாத அந்தச் சுமை, முதல் லாரி ஏறுவதற்கு முன்பே இணைப்பில் இருக்கிறது.

1943 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லாந்தில், ஸ்கெனக்டடி என்ற புதிய எண்ணெய்க் கப்பல், சோதனை ஓட்டம் முடிந்து திரும்பி, துறையில் அமைதியான நீரில் நின்றபடியே நடுவில் பிளந்தது. அலையும் இல்லை, மோதலும் இல்லை. அக்காலத்தில் முழுக்க வெல்டு செய்யப்பட்ட லிபர்ட்டி வகைக் கப்பல்களிலும் இத்தகைய விரிசல்கள் பலவற்றில் தோன்றின. பழி முதலில் வெல்டிங் மேலும் வெல்டர்கள் மேலும்தான் விழுந்தது. கேம்பிரிட்ஜில் கான்ஸ்டன்ஸ் டிப்பர் செய்த ஆய்வு, அந்த எஃகே குளிரில் நொறுங்கும் நிலைக்கு மாறிவிடுகிறது என்பதைக் காட்டியது. ரிவெட் அடித்த கப்பலில் ஒரு தகட்டில் ஓடும் விரிசல் தகட்டின் விளிம்பில் நின்றுவிடும். வெல்டு செய்த கப்பலில் எல்லாத் தகடும் ஒன்றே என்பதால் அதற்கு நிறுத்தம் இல்லை. அந்த எஃகுகளில் எதுவும் அறை வெப்பநிலை இழுவிசைச் சோதனையில் நொறுங்கும் பொருளாகத் தெரிந்திருக்காது.

நீங்கள் பாலம் கட்டுபவர் என்றால் மெல்பர்னின் கிங்ஸ் பாலம் இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு. திறந்த மறு ஆண்டே, 1962 ஜூலை 10 அன்று, ஒரு குளிர்ந்த காலையில் 45 டன் எடையுள்ள வண்டி கடக்கும்போது அதன் உத்தரங்கள் முறிந்தன. அடிப்பட்டையின் மேல் சேர்த்து வெல்டு செய்த கூடுதல் தகடு முடியும் இடத்தில், குறுக்காகப் போட்ட ஃபில்லெட் வெல்டின் (மூலையை நிரப்பும் வெல்டின்) ஓரத்தில் வெப்பப் பாதிப்பு மண்டலத்திலிருந்து விரிசல்கள் கிளம்பியிருந்தன. வலிமை கூடிய, கார்பனும் மாங்கனீஸும் மிகுந்த எஃகு. அதற்கு ஏற்ற கவனம் வெல்டிங்கில் இல்லை. விரிசல் தொடங்கிய இடம் நீங்கள் சொல்லும் அதே ஒரு மில்லிமீட்டர் பட்டைதான்.

விசைக்கோடு எழுதியது:

கிங்ஸ் பாலத்தை ஏற்கிறேன். எங்கள் துறையில் இதற்கு இணையானது 1994 ஜனவரி 17-இல் நடந்த நார்த்ரிட்ஜ் நிலநடுக்கம். எஃகுச் சட்டக் கட்டடங்களின் உத்தரமும் தூணும் சேரும் வெல்டு இணைப்புகள் நீண்டு வளைந்து ஆற்றலை உறிஞ்சும் என்று எதிர்பார்த்திருந்தோம். பல இணைப்புகள் கீழ்ப்பட்டையின் வெல்டிலேயே, உருமாற்றம் ஏதும் இல்லாமல், படாரென்று முறிந்திருந்தன. அப்போது பரவலாகப் பயன்பட்ட ஈ70டி-4 என்ற தன்காப்பு ஃபிளக்ஸ் கம்பிக்கு (வெளிவாயு இல்லாமல் தன் உள்மருந்தாலேயே வெல்டைக் காக்கும் வெல்டிங் கம்பிக்கு) மோதல் தேவை எதுவும் விதிக்கப்பட்டிருக்கவில்லை. உருகிய உலோகத்தைத் தாங்க வைத்து, பிறகு அடியிலேயே விட்டுவைத்த பேக்கிங் பட்டை, கட்டிவைத்த விரிசலைப் போலவே வேலை செய்தது. அதற்குப் பிறகுதான் முக்கிய இணைப்புகளின் வெல்டு உலோகத்துக்கு −18 °C-இல் 27 ஜூல், அத்துடன் 21 °C-இல் 54 ஜூல் என்ற தேவைகள் நடைமுறைக்கு வந்தன. கட்டடத்தின் நீளும் தன்மையை நாங்கள் எதிர்பார்ப்பது இணைப்பின் முறிவெதிர்ப்பை, அதாவது விரிசல் ஓடாமல் தடுக்கும் திறனை, நம்பித்தான் என்பதை அந்த நிலநடுக்கம் கற்றுக்கொடுத்தது. இதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனாலும் நிலைச் சுமைத் தூணுக்கும் இதே அளவுகோலா என்ற என் ஐயம் அப்படியே இருக்கிறது.

வில்லொளி எழுதியது:

அதை விவரக்குறிப்பு எழுதுபவர்களிடம்தான் கேட்க வேண்டும், ஐயா. −20 °C என்று எழுதியவர் ஏன் எழுதினார் என்பதைப் பணிமனையில் யாராலும் சொல்ல முடியாது.

எனக்கு வேறு கவலை இருக்கிறது. வெப்ப உள்ளீட்டைக் குறையுங்கள் என்று சொன்னால், நாளைக்கே மில்லிமீட்டருக்கு 0.8 கிலோஜூலில், முன்சூடேற்றம் இல்லாமல் குளிர்ந்த தகட்டில் மெல்லிய பாஸ் போட்டுக்கொண்டு வருவார்கள். 25 மி.மீ. தகடு சூட்டை அப்படியே உறிஞ்சிவிடும்.

நுண்ணோக்கி எழுதியது:

மிகச் சரியான எச்சரிக்கை. அந்தத் தகட்டின் கார்பன் சமானத்தை, அதாவது குளிரும்போது எவ்வளவு எளிதில் கடினமாகும் என்று காட்டும் எண்ணைப் பாருங்கள்: மாங்கனீஸில் ஆறில் ஒரு பங்கு 0.24, அதனுடன் கார்பன் 0.17 சேர்ந்தால் 0.41, மற்ற சேர்மானங்கள் சிறிது கூட்டும். இந்த அளவுள்ள தடித்த தகடு வேகமாகக் குளிர்ந்தால் மணி பருத்த பட்டை மார்ட்டென்சைட்டாக மாறி, கடினம் விக்கர்ஸ் அளவுகோலில் 350-ஐத் தாண்டுவது எளிது. அதனுடன் ராடின் ஈரத்திலிருந்து நுழையும் ஹைட்ரஜனும் எஞ்சிய தகைவும் சேர்ந்தால் வெல்டுக்கு அடியில் விரிசல். அது உடனே வராமல் ஒரு நாள், இரண்டு நாள் கழித்தும் வரக்கூடும் என்பதால்தான் கடைசிப் பரிசோதனைக்கு 48 மணி நேரம் காத்திருக்கச் சொல்கிறார்கள்.

ஹைட்ரஜன் பற்றி இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனெனில் அது தகட்டுப்பணியின் முதல் கேள்வியைத் தலைகீழாக்குகிறது. ஈரம் ஏறிய ராடால் போட்ட வெல்டு உலோகத்தை மெதுவாக இழுத்தால் நீட்சி வெகுவாகக் குறையும்; அறுந்த முகத்தில் ஒரு சிறு துளையையோ கசடுத் துகளையோ நடுவில் வைத்து மீன் கண் போன்ற வெண்மையான வட்டங்கள் தெரியும். அதே வெல்டின் சார்ப்பி மதிப்பு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், ஏனெனில் ஹைட்ரஜன் அணு நகர்ந்து விரிசல் முனைக்கு வந்து சேர நேரம் வேண்டும். ஊசல் அந்த நேரத்தைத் தருவதில்லை. இழுவிசை மாதிரியை 100 °C அளவில் 48 மணி நேரம் வைத்திருந்து பிறகு இழுத்தால் ஹைட்ரஜன் வெளியேறி நீட்சி திரும்பிவிடுகிறது. ஆகவே நீளும் தன்மை இருந்தும் முறிவெதிர்ப்பு இல்லாத இணைப்பு உங்களுடையது. முறிவெதிர்ப்பு காட்டியும் நீளும் தன்மை இல்லாத இணைப்பு இது. ஒன்றை அளந்து மற்றதை ஊகிக்க முடியாது.

வெள்ளியிழை எழுதியது:

அலுமினியத்தில் வேலை செய்பவன் என்ற முறையில் ஒரு குறிப்பு. முகப்பு மையக் கனசதுர அமைப்பு என்பதால் எங்களுக்குக் குளிரில் நொறுங்கும் கவலை இல்லை. ஆஸ்டெனிட்டிக் துருப்பிடிக்காத எஃகும் அப்படியே, அதனால்தான் அதை −196 °C வரை பயன்படுத்துகிறார்கள். ஆனால் வெப்பப் பதப்படுத்தி வலிமையேற்றிய 6061-டி6 அலுமினியத் தகட்டை வெல்டு செய்தால் வெப்பப் பாதிப்பு மண்டலம் மென்மையாகி, 310 மெகாபாஸ்கல் அளவில் இருந்த இழுவலிமை அந்த இடத்தில் ஏறத்தாழ பாதியாகிவிடுகிறது. குறுக்காக இழுத்தால் நீட்சி முழுவதும் அந்தக் குறுகிய பட்டையிலேயே குவியும். அங்கே உலோகம் தாராளமாக நீண்டாலும், 50 மி.மீ. அளவு நீளத்தில் பார்க்கும்போது விழுக்காடு சொற்பமாகவே தெரியும். குறுக்கு இழுவிசை மாதிரியின் நீட்சி எண்ணை வைத்து இணைப்பு நொறுங்கும் என்றோ நீளும் என்றோ முடிவு கட்டுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நுண்ணோக்கி எழுதியது:

எஃகிலும் இதே கதைதான், திசை மட்டும் மாறுகிறது. வெல்டு உலோகம் தகட்டைவிட வலிமையாக இருப்பதால் நீட்சி தகட்டுக்குப் போய்விடுகிறது. மாதிரி தாய் உலோகத்தில் அறுந்தது என்ற செய்தி, வெல்டின் நீளும் தன்மையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அதை அறிய வெல்டின் நீளவாக்கில், முழுக்க வெல்டு உலோகத்திலிருந்தே கடைந்தெடுத்த மாதிரி வேண்டும். ராடு தயாரிப்பாளர் 22 விழுக்காடு நீட்சி என்று குறிப்பிடுவதும் அத்தகைய மாதிரிக்குத்தான்.

தகட்டுப்பணி எழுதியது:

உடைந்த துண்டுகளைத் தேடி எடுத்தோம். 16 ஜூல் மாதிரியின் முகம் நீங்கள் சொன்னபடி கிட்டத்தட்ட முழுவதும் மினுக்குகிறது. பக்கவாட்டு முகத்தை மெருகேற்றி நைட்டால் என்ற அரிக்கும் கரைசலைத் தடவிப் பார்த்தபோது, வெட்டின் அடியிலிருந்து பாதித் தூரம் வரை உருகல் கோட்டை ஒட்டிய மணி பருத்த பட்டையிலேயே பாதை போகிறது. மற்ற இரண்டில் வெட்டு வெல்டு உலோகத்தையும் நுண்மணிப் பகுதியையும் மாறி மாறிக் கடக்கிறது. எங்களுடையது சாய்வான வி பள்ளம் என்பதால், நேரான வெட்டு சாய்ந்த உருகல் கோட்டை எங்கேயோ ஓரிடத்தில்தான் சந்திக்கிறது.

மறுபடி மூன்று மாதிரி வெட்டும் யோசனையைக் கைவிட்டு, புதிதாகவே வெல்டு செய்ய ஒப்புதல் கிடைத்திருக்கிறது. எதை எதை மாற்றலாம்?

வில்லொளி எழுதியது:

முழு அகல வீவிங்கை விடுங்கள். பள்ளத்தைக் குறுகிய பாஸ்களாகப் பிரித்து, ஒவ்வொன்றும் முந்தியதில் பாதி அளவு ஏறும்படி அடுக்குங்கள். ராடின் விட்டத்தைப் போல் மூன்று மடங்குக்கு மேல் அகலம் வேண்டாம். இடைவெப்பநிலையை 250 °C-க்குள் வைத்து, ஒவ்வொரு பாஸுக்கும் முன்பு அளந்து எழுதுங்கள். ராடை அடுப்பிலிருந்து எடுத்துச் சுடுபெட்டியில் வைத்தே பயன்படுத்துங்கள். நேரம் கூடும், அதை முன்பே மேலாளரிடம் சொல்லிவிடுங்கள்.

நுண்ணோக்கி எழுதியது:

இத்துடன் இரண்டு சேர்க்கிறேன். சோதனைத் தகட்டில் ஒரு விளிம்பை நேராக விட்டு, மறுவிளிம்பை மட்டும் சாய்த்து அரை வி பள்ளமாக வெல்டு செய்யுங்கள். நேரான பக்கத்தில் உருகல் கோடும் ஏறத்தாழ நேராக இருக்கும், வெட்டு எந்த மண்டலத்தில் விழுகிறது என்பது உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும். எண்கள் இதனால் குறையவும் கூடும், ஆனால் அவை உண்மையான எண்களாக இருக்கும். வெட்டைப் போடுவதற்கு முன்பே மாதிரியை அரித்துப் பார்த்து இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, எந்த நிலையில் எதைச் சோதிப்பது என்பது. மோதல் மாதிரிகளை வெப்ப உள்ளீடு மிகுதியாக வரும் செங்குத்து ஏறு நிலையிலிருந்தும், கடின அளவீட்டை வெப்ப உள்ளீடு மிகக் குறைவாக வரும் கிடைக்கோட்டு நிலையிலிருந்தும் எடுக்கச் சொல்வது, வில்லொளி பயந்த இரு முனைகளையும் ஒரே தகுதிச் சோதனையில் பிடிப்பதற்காகத்தான். மோதல் தேவை இருக்கும் வேலையில், சோதனையில் பயன்படுத்திய வெப்ப உள்ளீட்டைவிட 25 விழுக்காடு வரைதான் உற்பத்தியில் மேலே போகலாம் என்று வெல்டிங் நடைமுறைத் தகுதிச் சோதனைக்கான ஐ.எஸ்.ஓ. 15614-1 தரநிலை வரம்பு வைக்கிறது. ஆகவே புதிய தகுதிச் சோதனையை மில்லிமீட்டருக்கு 1.6 கிலோஜூலில் செய்தால் பணியிடத்தில் உங்கள் உச்சி 2.0. வெல்டர் கையில் கொடுக்கும் தாளில் அதை அப்படியே எழுதாதீர்கள்; ஒரு ராடு எரிந்து முடியும்போது குறைந்தது எத்தனை மில்லிமீட்டர் வெல்டு ஓடியிருக்க வேண்டும் என்று மாற்றி எழுதுங்கள், அதை ஸ்கேல் வைத்து யாரும் அளந்துவிடலாம்.